கெனாய் ஆற்றில் ஒரு நாள் டிரிஃப்ட் படகு மீன்பிடிப்பு: முழங்கால் வலியுள்ள அப்பாவை எப்போது, எந்தப் பகுதிக்கு அழைத்துச் செல்லலாம்?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு அலாஸ்கா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். என் அப்பாவுக்கு 68 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் தூண்டிலும் கையுமாகத்தான் இருக்கிறார். முன்பெல்லாம் இரவு முழுவதும் பிடோக் ஜெட்டியில் நிற்பார். முழங்கால் வலி வந்த பிறகு, கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க அனுமதிக்கப்பட்ட இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செயற்கை இரையை வீசிக்கொண்டிருக்கிறார். கெனாய் ஆற்றில் துடுப்புப் படகில் மிதந்தபடியே நாள் முழுவதும் மீன்பிடிக்கும் காணொளி ஒன்றை அவர் பார்த்ததிலிருந்து, வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இப்போது தொடக்கநிலை 4 படிக்கும் என் மகனும் வருகிறான். ஆகவே பள்ளி விடுமுறையில்தான் செல்ல முடியும்; ஜூன் மாதம் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். அப்பாவுக்கு அதிக நேரம் நிற்க முடியாது, குளிரும் பழக்கமில்லை. அந்த ஆற்றில் உலகச் சாதனை படைத்த சால்மனைப் பிடித்தார்கள் என்பதால் அத்தகைய பெரிய மீன் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருக்கிறது. அந்தப் படகில் ஒரு நாள் உண்மையில் எப்படிக் கழியும், எந்த மாதம் நல்லது, வயதானவருக்கும் சிறுவனுக்கும் அது பாதுகாப்பானதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் துடுப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஆங்கரேஜில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கெனாய் எனக்கு மிகவும் நெருக்கமான ஆறு என்பதால் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெரிய மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1985 மே மாதத்தில் கெனாயில் பிடிபட்ட கிங் சால்மன் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 44 கிலோ எடை இருந்தது. ஆனால் அது ஆற்றின் கீழ்ப்பகுதியில் நடந்தது. கிங் சால்மனின் எண்ணிக்கை அதன் பின்னர் மிகவும் குறைந்துவிட்டதால், அண்மை ஆண்டுகளில் அதைப் பிடிப்பதற்கே தடை விதித்துவருகிறார்கள். நான் உங்களுக்குப் பரிந்துரைக்கும் மேல் கெனாயிலோ கிங் சால்மனைக் குறிவைத்து மீன்பிடிக்கவே கூடாது. அப்பாவிடம் இதை இங்கேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அந்த நாளின் மகிழ்ச்சி பாதியாகிவிடும்; அந்த ஆறு தரக்கூடிய மற்றவற்றையும் அவர் சரியாகப் பார்க்காமல் போய்விடுவார்.

மேல் கெனாய் என்பது, கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூரில் கெனாய் ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்திலிருந்து ஸ்கிலாக் ஏரியில் கலக்கும் வரை உள்ள பகுதி. ஆங்கரேஜிலிருந்து காரில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர்; இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். இப்பகுதியில் மோட்டார் ஓட்டத் தடை இருப்பதால் நீரின் ஓசையும் துடுப்பின் ஓசையும் மட்டுமே கேட்கும். மலைகளில் உள்ள பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கி அனுப்புகின்றன. கனமான துகள்கள் ஏரியின் அடியில் தங்கிவிட, மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நீரில் மிதந்து வந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஆற்றுக்கு அந்தப் பச்சை கலந்த நீல நிறம் கிடைக்கிறது. இடையில் ஏரி இல்லாமல் பனியாற்றிலிருந்து நேராக ஓடிவரும் ஆறுகள் சிமெண்டு கரைத்த நீராகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவற்றில் இரையைப் பார்த்துக் கடிக்கும் மீனைப் பிடிப்பது கடினம். நம் ஊரில் மழை பெய்தால் கால்வாயில் நீர் ஏறும். அங்கே வெயில் அடித்தாலும் நீர் ஏறும், ஏனென்றால் பனி உருகுவது அப்போதுதான். ஜூலை, ஆகஸ்டில் உயர்ந்திருக்கும் நீர்மட்டம் குளிர் தொடங்கியதும் இறங்கித் தெளியும்.

இனிப் படகைப் பற்றி. டிரிஃப்ட் படகின் அடிப்புறம் தட்டையாகவும், முன்னும் பின்னும் வளைந்து உயர்ந்தும் இருக்கும். ஆரெகன் மாநிலத்தின் மெக்கென்சி ஆற்றில் உருவான வடிவம் அது. நீரை வெட்டிக்கொண்டு முன்னேறுவதற்காக அதைச் செய்யவில்லை. நீரின் மேல் வழுக்கி எந்தப் பக்கமும் எளிதாகத் திரும்புவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வழிகாட்டி நடுவில், ஆறு போகும் திசையைப் பார்த்தபடி அமர்ந்து, துடுப்புகளைத் தன் மார்பை நோக்கி இழுப்பார். அந்த இழுப்பு படகை முன்னே கொண்டுசெல்வதற்கன்று, பின்னே பிடித்து வைப்பதற்கு. வழியில் பாறையோ சாய்ந்த மரமோ வந்தால் படகின் முனையை அதை நோக்கிச் சாய்வாகத் திருப்பி, அதிலிருந்து விலகும் திசையில் இழுப்பார். நீரோட்டமே படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். முதன்முறை பார்ப்பவர்களுக்குப் படகு பாறையை நோக்கிப் போவதாகத் தோன்றி நெஞ்சு படபடக்கும். உங்கள் மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மீன்பிடிப்பின் நுட்பம் முழுவதும் இந்த வேகக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆற்றின் மேற்பரப்பு விரைவாக ஓடும், அடியில் நீர் மெதுவாக நகரும். மீன் அடியில் இருக்கிறது. உங்கள் தக்கையோ மேலே இருக்கிறது. தக்கை தங்கூசியை இழுத்துக்கொண்டு ஓடினால் அடியில் உள்ள இரை இயல்புக்கு மாறான வேகத்தில் பாயும். எந்த மீனும் அதைத் தொடாது. வழிகாட்டி படகை அந்த வேகத்துக்கு இணங்கப் பிடித்துத் தரும்போது, தூண்டில்காரர் தங்கூசியை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் மெல்லத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தால், இரை நூறடி தூரம்கூட இழுபடாமல் மிதந்து செல்லும். கரையில் நிற்பவருக்கு இது வாய்க்காது. நல்ல வழிகாட்டி கிடைப்பதில்தான் அந்த நாளின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே கட்டணத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை ஆண்டுகளாக மேல் கெனாயில் துடுப்புப் போடுகிறார் என்று கேளுங்கள்.

இரை என்று சொன்னேன். மேல் கெனாயில் இயற்கை இரைக்கு அனுமதி இல்லை. ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டுமே பயன்படுத்தலாம். நம் நீர்த்தேக்கங்களிலும் செயற்கை இரை மட்டும்தான் என்பதால் அப்பாவுக்கு இது புதிதாக இராது. அங்கே பெரிதும் பயன்படுவது 8 அல்லது 10 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் மணி. சால்மன் முட்டையின் நிறத்தில் இருக்கும் அந்த மணியைத் தங்கூசியில் கோத்து, முள்ளிலிருந்து 2 அங்குலத்துக்குள் நிற்கும்படி ஒரு பல்குச்சித் துண்டைச் செருகி இறுக்குவார்கள். மேல் கெனாயில் நாம் குறிவைக்கும் டிரவுட் என்ற மீன், மணியைக் கவ்வி, பொய் என்று உணர்ந்து துப்பும் கணத்தில், முள் அதன் வாயோரத்தில் பதியும். தொண்டைக்குள் போகாததால் மீனை நலமாகத் திருப்பி விடலாம். மணியின் நிறமும் பருவத்தோடு மாறும்: சால்மன் அப்போதுதான் முட்டையிட்டிருந்தால் ஒளி ஊடுருவும் செம்மஞ்சள், முட்டைகள் செத்துக் கிடக்கும் காலமானால் பால் கலந்த வெளிர் நிறம். வழிகாட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு நிறங்களுக்கு இடையில் எத்தனை நிறங்கள் உண்டோ அத்தனையும் வரிசையாக இருக்கும். அப்பா அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்.

இதிலிருந்தே மாதத்துக்கும் விடை கிடைக்கிறது. மேல் கெனாய், ரெயின்போ டிரவுட்டின் இனப்பெருக்கத்துக்காக மே 2 முதல் ஜூன் 10 வரை மூடப்பட்டு, ஜூன் 11 அன்று திறக்கும். ஜூனில் சென்றால் டிரவுட் முட்டையிட்டுக் களைத்து மெலிந்திருக்கும். சால்மன் முட்டையும் ஆற்றில் இராது. ஆகஸ்டுக்குப் பிறகு சாக்கை சால்மன் முட்டையிடத் தொடங்கியதும் ரெயின்போ டிரவுட்டும் டாலி வார்டன் என்ற மீனும் அவற்றின் பின்னாலேயே நின்று முட்டைகளைத் தின்று கொழுக்கும். பிறகு இறந்த சால்மனின் சதைத் துணுக்குகளையும் தின்னும். செப்டம்பரில் அவற்றின் உடல் உருண்டு திரண்டிருக்கும். நம் பள்ளிகளின் செப்டம்பர் விடுமுறை வாரம் இதற்கு மிகப் பொருத்தமாக அமைகிறது. முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறுகளைச் சேர்த்தால் பயண நேரம் போகப் போதுமான நாட்கள் மிஞ்சும்; திரும்பும்போது தேதிக்கோட்டைக் கடப்பதால் ஒரு நாள் கழியும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். அலாஸ்காவின் நேரம் அப்போது நமக்கு 16 மணி நேரம் பின்தங்கியிருக்கும். சென்று இறங்கிய மறுநாளே படகில் ஏறாமல் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

உட்லண்ட்ஸ் தாதி எழுதியது:

மேலே உள்ள பதிலில் மீனைப் பற்றி நிறைய வந்துவிட்டது. நான் குளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். கணவரோடு அதே ஆற்றில் படகில் சென்றும் இருக்கிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே காலை நேரக் காற்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். மழையும் அடிக்கடி தூறும். நீரோ கோடையிலேயே மிகவும் குளிர்ந்திருக்கும். நம் ஊர்க் கடலில் தவறி விழுந்தால் நீந்திக் கரையேறலாம் என்ற எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும். கடுங்குளிர் நீரில் விழுந்தவர்களுக்கு 1-10-1 என்ற கணக்கைச் சொல்வார்கள். முதல் 1 நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அதற்குள் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த 10 நிமிடங்கள் வரைதான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆக, பெரும்பாலானோர் உயிரிழப்பது வெப்பம் இறங்குவதற்கு முன்பே, அந்த முதல் சில நிமிடங்களில்தான். மிதவை அங்கி அணிந்திருந்தால் அந்த நேரத்தைக் கடந்துவிடலாம். அலாஸ்காவில் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் திறந்த படகில் அதை அணிந்தே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் அப்பாவும் கரையிலேயே அணிந்துகொண்டு, கரை திரும்பும் வரை கழற்றாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரின் அதிர்ச்சி இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சட்டென உயர்த்தும். அவர் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

உடையில் பருத்தியே வேண்டாம். நனைந்த பருத்தி காயாது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடலை ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃபிலீஸ், எல்லாவற்றுக்கும் மேல் மழைநீர் புகாத அங்கி என மூன்று அடுக்குகள் போதும். இவை அனைத்தும் இங்கேயே டெகத்லானில் கிடைக்கின்றன. இடுப்புக்கு மேல் வரும் நீர்புகாக் காற்சட்டையை வழிகாட்டிகளே பெரும்பாலும் தருவார்கள். அதன் இடுப்புவாரை இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று நீங்களே கையால் இழுத்துப் பாருங்கள். வார் தளர்ந்திருந்தால் விழும்போது உள்ளே நீர் புகுந்துவிடும்.

இன்னொன்று. படகில் கழிப்பறை இல்லை என்று கூச்சப்பட்டுப் பெரியவர்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வந்து அந்த நாளே வீணாகும். எப்போது கேட்டாலும் வழிகாட்டி கரையோரம் ஒதுக்குவார், அது அங்கே மிகச் சாதாரணம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஒரு வெந்நீர்க் குடுவையில் இஞ்சித் தேநீர் எடுத்துச் செல்லுங்கள்.

பாசிர் ரிஸ் நண்பர் எழுதியது:

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. டிரவுட்டைப் பிடித்துப் பிடித்து விட்டுவிடுவதில் நம் பெரியவர்களுக்கு எந்த அளவுக்கு மனம் நிறையும் என்று தெரியவில்லை. மேல் கெனாயில் 16 அங்குலத்துக்கு மேற்பட்ட ரெயின்போ டிரவுட்டை வைத்துக்கொள்ளவும் கூடாது. என் மாமா ஜூலை இறுதியில் சாக்கை சால்மன் பிடிக்கச் சென்றார். பிடித்ததைக் கூறுபோட்டு உறையவைத்துக் கொண்டுவந்து, உறவினர்களுக்கெல்லாம் குழம்பு வைத்துக் கொடுத்தார். அந்த மகிழ்ச்சி தனி. ஜூலையில் குளிரும் குறைவு.

அதோடு, நீண்ட பயணம் வேண்டாம் என்றால் நியூசிலாந்தையும் எண்ணிப் பாருங்கள். கிரைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் உண்டு, ஏறத்தாழ 10 மணி நேரம்தான். பனியாற்று நீரால் நிறைந்த டெக்காப்போ, புக்காக்கி ஏரிகளை இணைக்கும் நீர்மின் கால்வாய்களின் கரை சமமாக இருப்பதால், காரை அருகில் நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தே மீன்பிடிக்கலாம். அப்பகுதியின் ஓஹாவ் கால்வாயில்தான் 2020-இல் 20 கிலோவைத் தாண்டிய பிரவுன் டிரவுட் பிடிபட்டு உலகச் சாதனையானது. ஒன்றை மறவாதீர்கள்: நியூசிலாந்தில் இறங்கும்போது பயன்படுத்திய தூண்டில் பொருள்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், ஆறுகளில் பாசி பரவுவதைத் தடுக்க, கம்பளித் தகடு ஒட்டிய அடிப்பகுதி கொண்ட காலணிகளுக்கு அங்கே தடை உண்டு.

தெம்பனிஸ் துடுப்பு எழுதியது:

நண்பர் சொன்ன கால்வாய்கள் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மிகச் சிறந்த இடம் என்பதை மறுக்கவில்லை. நீரில் மிதந்து செல்லும் அனுபவம் வேண்டாம் என்றால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஜூலை சாக்கை மீன்பிடிப்பைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சாக்கை, கடலில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களை வடிகட்டித் தின்று வளரும் மீன். ஆற்றுக்குள் வந்த பிறகு இரையைத் துரத்திக் கடிப்பது அரிது. எனவே அதைப் பிடிப்பவர்கள் கரையோரம் முழங்கால் அளவு நீரில் வரிசையாக நின்று, கூட்டமாக ஏறிவரும் மீனின் வாய்க்கு நேராகத் தங்கூசியை மீண்டும் மீண்டும் வீசி இழுக்கிறார்கள். வாயில் அல்லாமல் உடலில் முள் பட்டால் மீனை விட்டுவிட வேண்டும். அங்கே டிரிஃப்ட் படகு, மீன்பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டி மட்டுமே. வழுக்கும் கூழாங்கற்கள் மேல், குளிர்ந்த நீரில், பல மணி நேரம் நிற்பது சகோதரியின் அப்பாவுக்கு ஏற்றதன்று. குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் செப்டம்பரில் கோஹோ சால்மன் வரும். அது இரையைத் துரத்திக் கடிக்கும், அன்றைய விதி அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம்.

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிங் சால்மன் இல்லை என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஆனால் மணி கோக்கும் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். செப்டம்பர் விடுமுறை என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஓர் ஐயம்: வழிகாட்டி ஒருவர், ஸ்கிலாக் ஏரி வரை முழுநாள் செல்லலாம் என்றும், ஜிம்ஸ் லேண்டிங் என்ற இடத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றும் இரண்டு பயணங்களைச் சொல்கிறார். எது நல்லது? அப்பாவைப் படகில் எந்த இடத்தில் உட்கார வைப்பது?

தெம்பனிஸ் துடுப்பு எழுதியது:

ஜிம்ஸ் லேண்டிங்கோடு முடியுங்கள். அதற்குக் கீழே ஆறு ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அங்கே நீரின் விசை அதிகம், இடையில் கரையேறவும் வழி குறைவு. அதைத் தாண்டினால் ஸ்கிலாக் ஏரியைக் கடக்க வேண்டும். அங்கே காற்று திடீரென எழும்பினால் அலை பெரிதாகும். திறமையான வழிகாட்டிகள் நாள்தோறும் சென்று வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்பா நடுவில் களைத்துவிட்டால், அந்தப் பாதையில் சீக்கிரம் முடித்துக்கொள்ள இடமில்லை. ஜிம்ஸ் லேண்டிங் வரை உள்ள தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அதற்குள்ளேயே ரஷ்யன் ஆறு வந்து கலக்கும் இடமும், தீவுகளுக்கிடையே பிரியும் கிளைகளும், டிரவுட் நிற்கும் பல மடுக்களும் இருக்கின்றன. பழுப்புக் கரடியும் அங்கே தென்படலாம். கரையில் உணவைத் தனியே விட்டு நகராதீர்கள்.

அப்பாவை முன்புற இருக்கையில் அமர்த்துங்கள். புதிய நீரில் முதல் வீச்சு அவருக்குக் கிடைக்கும், வழிகாட்டி அவரை நேராகப் பார்த்துச் சொல்லித் தரவும் முடியும். பல படகுகளில் முன்புறம் சுழலும் இருக்கையும், எழுந்தால் தொடையைச் சாய்த்துக்கொள்ள ஒரு தாங்கியும் இருக்கும். முன்பதிவின்போதே கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஏறும்போது உயர்ந்த முனைப்பகுதி வழியாக ஏறாமல், பக்கவாட்டில் விளிம்பு தாழ்ந்திருக்கும் நடுப்பகுதியில், வழிகாட்டி படகைப் பிடித்திருக்கும்போது ஏறட்டும். ஒரு சிறு மடக்கு முக்காலி கொண்டுசென்றால் கரையில் கால் வைத்து ஏற வசதியாக இருக்கும்.

16 வயதுக்கு உட்பட்டிருப்பதால் மகனுக்கு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கும் அப்பாவுக்கும் வேண்டும். அலாஸ்கா மீன், வேட்டைத் துறையின் இணையத்தளத்திலேயே வாங்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த ஆண்டின் விதிகளையும் புறப்படும் வாரத்தில் அதே தளத்தில் பாருங்கள், ஏனெனில் மீன்வரத்தைப் பொறுத்துப் பருவத்தின் நடுவிலும் அவசர ஆணைகளால் அவற்றை மாற்றுவார்கள். வழிகாட்டிக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பாகத் தருவது அங்குள்ள வழக்கம். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.